வெள்ளியா, பல் நிறமா, ஜி.ஐ.சி.யா: பல் அடைத்த பிறகு எதற்கு என்ன பத்தியம்?

பல்லை அடைத்ததும் எப்போது சாப்பிடலாம் என்பது எதை வைத்து அடைத்தார்கள் என்பதைப் பொறுத்தது. கிளம்பும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பல் நிறக் காம்போசிட் என்ற பிசின் அடைப்பு, நீல ஒளி பட்டதுமே இறுகிவிடும். ஊசி போட்டிருந்தால் மரப்பு போகும்வரை காத்திருந்தால் போதும். கீழ்த்தாடையில் போட்டால் உதடு 3 மணி நேரத்துக்கு மேலும் மரத்திருக்கும். பிள்ளைகள் மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள், ஒரு கண் இருக்கட்டும். இறுகும்போது காம்போசிட் சற்றே சுருங்கும். அதனால்தான் 2 மி.மீ. அளவில் அடுக்கடுக்காக வைக்கிறார்கள். அவசரமாக மொத்தமாக அப்பினாலோ, எச்சில் பட்டாலோ விளிம்பில் இடைவெளி விழும். பல் கூசும், பின்னாளில் அங்கேயே சொத்தை தொடங்கும். காபியும் மஞ்சளும் நாளடைவில் கறை பிடிக்கும்.

வெள்ளி அடைப்பில் ஏறத்தாழ பாதி பாதரசம். முழு வலு வர 24 மணி நேரம் ஆகும். அதுவரை அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. உலோகம் என்பதால் ஐஸ்கிரீமின் குளிர் நேரே உள்ளே இறங்கும். கடைவாய்ப் பல்லில் நன்றாக உழைக்கும் என்றாலும், பாதரசத்தை முன்னிட்டு ஐரோப்பிய ஒன்றியம் மருத்துவத் தேவை தவிர மற்றவற்றுக்கு 2025 ஜனவரி 1 முதல் இதை நிறுத்திவிட்டது.

ஜி.ஐ.சி. எனும் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் ஃபுளோரைடு கசியவிடும். பால் பற்களுக்கும் ஈறோரத் தேய்மானத்துக்கும் ஏற்றது. தொடக்கத்தில் ஈரம் பட்டால் கரையும், காய்ந்தால் வெடிக்கும். மேலே வார்னிஷோ வாசலினோ தடவுவது அதற்காகத்தான். ஒரு நாள் முறுக்கு, கடலைமிட்டாய் வேண்டாம். பெரியவர்களின் கடைவாய்ப் பல்லில் மெல்லும் பரப்புக்கு இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, சீக்கிரம் தேய்ந்துவிடும்.

மூன்றிலும் வரும் தொல்லை ஒன்று உண்டு: அடைப்பு மயிரிழை உயர்ந்து நிற்பது. மரத்த வாயில் அது தெரியாது. வீட்டில் கடிக்கும்போதுதான் அந்தப் பல் முதலில் இடிக்கும். தானாகச் சரியாகும் என்று வாரக்கணக்கில் பொறுக்காதீர்கள். பல் மருத்துவரிடம் போனால் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, கறை பட்ட மேட்டைத் தேய்த்துவிடுவார்கள், சில நிமிட வேலை.

குளிர்ந்த நீர் பட்டதும் சுளீர் என்று கூசி நொடிகளில் அடங்கினால் பயமில்லை, ஓரிரு வாரங்களில் குறையும். 5% பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசை உதவும். சூடு பட்டு வலி நிமிடக்கணக்கில் நின்றாலோ, இரவில் தானாகத் துடித்து எழுப்பினாலோ நரம்பு கெட்டிருக்கக்கூடும். அப்போது அடைப்பை மாற்றுவது மட்டும் போதாமல் ரூட் கெனால் தேவைப்படலாம். கன்னம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே போங்கள்.