நீலக் குர்ஆனும் இப்னுல் பவ்வாபின் குர்ஆனும்

நீலக் குர்ஆனை முதல் முறை பார்ப்பவர் மூச்சே நின்றுவிடும். அவுரி நீலம் ஏறிய தோல் ஏடு, அதில் தங்கத்தில் கூஃபி என்ற கோணவடிவப் பழைய அரபு எழுத்து, பக்கத்துக்கு 15 வரி. 9 அல்லது 10ஆம் நூற்றாண்டுப் படைப்பு. ஆனால் வாசிப்பது கடினம். ஒரே வடிவ எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் புள்ளிகள் அநேகமாக இல்லை. வரி நிரம்பினால் சொல் பாதியில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும். ஓரளவு மனப்பாடமாகத் தெரிந்தவருக்குத்தான் அது வசப்படும்.

எழுத்தணிக் கலைஞர் இப்னுல் பவ்வாப் 1000-1001இல் பாக்தாத்தில் எழுதி முடித்த பிரதி வேறு ரகம். தோலுக்குப் பதில் காகிதம், கைக்கு அடக்கமான அளவு, வளைந்தோடும் நஸ்க் எழுத்து. புள்ளியும் உயிர்க்குறியும் முழுமையாக உண்டு. இன்று டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது.

அலங்காரம் என்றால் நீலக் குர்ஆன்தானே என்பீர்கள். சரி, ஆனால் இப்னுல் பவ்வாப் பிரதியின் தொடக்கத்திலும் முடிவிலும் முழுப்பக்க வண்ணக் கோலங்கள் இருக்கின்றன. எனக்கு இதுதான் நெருக்கம். முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை அந்த நாணல் பேனாவின் கை தளரவே இல்லை.