பிக்கப் டெக்கில் ரப்பர் மேட்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

டபுள் கேப் பிக்கப் (இரண்டு வரிசை இருக்கை, பின்னால் திறந்த சரக்குத் தளம்) வாங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே டெக்குக்கு, அதாவது அந்தத் தளத்துக்கு, ஒரு மேட் வாங்கி விரித்துவிட்டு, இனி தகரத்துக்குக் கவலையில்லை என்று இருந்துவிடுகிறார்கள். மேட் அடியைத் தாங்கும், சாமான் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். துருவை அது தடுக்காது. சரியாகப் போடாவிட்டால் துருவுக்கு நிழலும் ஈரமும் கொடுத்து வளர்த்துவிடும். வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரியான வண்டிகளை வால்பாறை, நீலகிரி பக்கம் எஸ்டேட் வேலைக்கு ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

துரு வரும் விதம் இதுதான். மேட்டுக்கு அடியில் மணல் புகும். வண்டி குலுங்கும்போது ரப்பர் அந்த மணலைத் தகரத்தின் மேல் தேய்க்கும். உப்புத்தாள் போட்டு நிதானமாகத் தேய்ப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பெயிண்ட் போன இடத்தில் ஈரம் உட்காரும், மேலே மேட் மூடியிருப்பதால் காயவும் காயாது. டெக் வடிவத்திலேயே வார்த்து உள்ளே பொருத்தும் கடினமான பிளாஸ்டிக் லைனரில் இந்தத் தேய்மானம் இன்னும் அதிகம். அது தகரத்தோடு படியாமல் ஆடிக்கொண்டே இருக்கும், கழற்றிப் பார்க்கவும் யாருக்கும் பொறுமை இருக்காது. தகரத்தின் மேலேயே தடிமனாக அடிக்கும் ஸ்பிரே கோட்டிங் நல்லதுதான். ஆனால் அடிப்பதற்கு முன் தகரத்தைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்த வேலை சரியாக இருந்தால்தான் நிற்கும். அவசரத்தில் அடித்துக் கொடுத்தது ஓரத்தில் உரியத் தொடங்கினால், உள்ளே நடப்பது வெளியே தெரியாது. தூக்கிப் பார்க்க முடிவது ரப்பர் மேட்டின் பெரிய வசதி.

எந்த மேட்? ஈவிஏ ஃபோம் (லேசான நுரை பிளாஸ்டிக்) விலை குறைவு, எடையும் குறைவு. திறந்த டெக்கில் அந்த எடைக் குறைவே பிரச்சினை: நெடுஞ்சாலை வேகத்தில் காற்று அடியில் புகுந்து தூக்கிவிடும். வெயிலில் சுருங்கி நான்கு பக்கமும் இடைவெளி விழும். மூடிய கார் டிக்கிக்கு அது போதும், இங்கே வேண்டாம். சாமான், கேம்பிங் பொருள், எப்போதாவது சிமெண்ட் மூட்டை என்றால் 6 முதல் 8 மி.மீ. ரப்பர் ஷீட் போதும். கல், மரத்துண்டு, இரும்பு ஏற்றுகிறவர்கள் 12 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது. கூர்மையான கல் 6 மி.மீ. ஷீட்டைக் கிழிக்காவிட்டாலும், அதைத் தாண்டி தகரத்தில் குழி விழ வைத்துவிடும்.

தடிமனான ஷீட் தேடி அலைய வேண்டியதில்லை. மாட்டுக் கொட்டகைக்கு விற்கும் ரப்பர் மேட் இந்த வேலைக்குக் கச்சிதம். ஆறரைக்கு நாலு அடி அளவில் எளிதாகக் கிடைக்கும். அடிப்பக்கம் குமிழோ பள்ளமோ வைத்த டிசைனைத்தான் வாங்க வேண்டும். மாட்டு மூத்திரம் வடிவதற்காக வைத்த அந்தப் பள்ளங்கள், இங்கே மழைத்தண்ணீருக்கும் காற்றுக்கும் வழி விடும். இரண்டு பக்கமும் வழவழ என்று இருக்கும் ஷீட் தகரத்தில் ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். எடையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்: 6 மி.மீ. ரப்பர் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோ. டெக் முழுக்கப் போட்டால் 15 கிலோ, 12 மி.மீ. என்றால் 30 கிலோ. இது வண்டி ஏற்றக்கூடிய எடையிலிருந்துதான் கழியும்.

டபுள் கேப் டெக்குகள் நீளம், அகலம் இரண்டிலும் சுமார் ஒன்றரை மீட்டர். சக்கரத்துக்கு மேல் டெக்குக்குள் புடைத்து நிற்கும் சக்கர வளைவுகளுக்கு நடுவில் 1.1 மீட்டர் அளவில் இருக்கும். நாலடி என்பது 1.22 மீட்டர். எனவே வளைவு வரும் இடத்தில் இரண்டு பக்கமும் 6 செ.மீ. வெட்டி எடுத்தால் நடுப்பகுதி உட்கார்ந்துவிடும். நீளத்தில் மிஞ்சும் அரை மீட்டர் துண்டிலிருந்து, வளைவுக்கு முன்னும் பின்னும் உள்ள மூலைகளுக்கு 14 செ.மீ. பட்டைகள் வெட்டிக்கொள்ளலாம். இதை அப்படியே நம்பி வெட்டிவிடாதீர்கள். அட்டைப் பெட்டியைப் பிரித்து ஒட்டி, டெக்கில் வைத்து, சாக்பீஸால் வரைந்து, அட்டை சரியாக உட்கார்ந்த பிறகே ரப்பரில் கத்தி வைக்க வேண்டும். வளைவின் அடிப்பகுதி சதுரமாக இருக்காது, மூலையில் உருண்டு வரும். அளவு நாடாவில் அது பிடிபடாது.

வெட்டுவதற்கு முன் சுருளைப் பிரித்து ஒரு நாள் தட்டையாகக் கிடக்க விடுங்கள். சுருட்டி வைத்ததில் ஏறிய இழுவை தளரும். வெட்டும்போது புது பிளேடு, சோப்புத் தண்ணீர், அடியில் ஒரு பலகை. கோட்டுக்கு அடியில் ஒரு ரீப்பர் கட்டையைத் தள்ளி ரப்பரை மேல் நோக்கி வளைத்தால், வெட்டு தானாகவே வாய் திறக்கும். நாலைந்து இழுப்பில் ஆழமாகப் போகலாம். ஒரே இழுப்பில் வெட்டப் போனால் கத்தி சாய்ந்து, மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவும் வரும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது இடைவெளியில். ரப்பர் வெயிலில் விரியும். ஒன்றரை மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 10 மி.மீ. நீளும், தகரம் 1 மி.மீ.கூட நீளாது. காலையில் சந்துபொந்து இல்லாமல் அழகாக உட்கார்ந்த மேட், சித்திரை வெயிலில் நடுவில் அப்பளம் மாதிரி உப்பும். எனவே சுற்றிலும் 5 முதல் 6 மி.மீ. விடவேண்டும். டெயில்கேட் (பின் கதவு) பக்கம் 10 முதல் 15 மி.மீ. அங்கே நீட்டிக்கொண்டிருந்தால் கதவு சாத்தும்போது நசுங்கி, பூட்டு சரியாக விழாது. கேபின் பக்க மூலைகளை 4 செ.மீ. சாய்வாக வெட்டிவிட்டால் வடிகால் ஓட்டை மூடாது. இறக்கத்தில் மூக்கு கீழே இருக்க நிறுத்தும்போது தண்ணீர் அங்கேதான் தேங்கும். கயிறு கட்டும் கொக்கிக்கு நடுவில் ஓட்டை போடாமல், ஓரத்திலிருந்து ‘ப’ வடிவத்தில் வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் மேட்டைத் தூக்கக் கொக்கியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

12 மி.மீ.க்கு மேல் என்றால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுவது புத்திசாலித்தனம். ஒரே ஆள் தூக்கலாம். இணையும் கோடு டெக் தகரத்தில் மேடாக இருக்கும் வரியின் மேல் வரட்டும். பள்ளத்தின் மேல் வந்தால் இரண்டு விளிம்பும் தொய்ந்து சுருளும். பசை, டபுள் டேப், ஸ்க்ரூ எதுவும் வேண்டாம். ஸ்க்ரூ போட்ட ஓட்டைதான் துருவின் முதல் வாசல்.

போடுவதற்கு முன் தகரத்தில் கீறல் இருந்தால் 220 நம்பர் எமரியில் தேய்த்து, துரு மாற்றி (துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் ரசாயனம்) தடவி, ப்ரைமர் இரண்டு கோட், மேலே டச்-அப் பெயிண்ட். பெயிண்ட் நன்றாக இறுகுவதற்கு ஒரு வாரம் கொடுங்கள். ஈரப் பெயிண்டில் ரப்பர் அமர்ந்தால் அதன் தடம் அப்படியே பதியும். வெள்ளை வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று: ரப்பரில் உள்ள ரசாயனம் பெயிண்டுக்குள் இறங்கி, நாளடைவில் பழுப்புக் கறை விழும். பாலிஷ் போட்டாலும் போகாது. பாதுகாப்புக்கு ஒன்றும் கெடுதல் இல்லை, விற்கும்போது பேரம் பேசுவார்கள்.

பராமரிப்பில் கண்டிப்பு வேண்டியது உர மூட்டை விஷயத்தில்தான். பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதாவது உப்பு வகை. மூட்டை ஓட்டையாகிச் சிந்தியது மழையில் கரைந்து மேட்டுக்கு அடியில் இறங்கினால், மிக வேகமாகத் தகரத்தைத் தின்னும். அன்றைக்கே மேட்டைத் தூக்கிக் கழுவ வேண்டும். மற்றபடி மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவை, வெயில் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. சில்வர் ஓக் மர நிழலில் நிறுத்துகிறவர்கள் வடிகால் ஓட்டையில் இலை அடைத்திருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். டீசல், செயின் ஆயில் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுத் தேயுங்கள். சாதாரண ரப்பர் எண்ணெயில் ஊறிக் கொப்புளம் போல் உப்பும், பிறகு பழைய நிலைக்கு வராது. பளபளப்புக்கு டயர் பாலிஷ் போடுவது சுத்த வீண் வேலை. மேட் வாங்கியதே வழுக்காமல் இருக்கத்தான்.

ரப்பரின் பிடிப்பில் ஒரு தொந்தரவும் உண்டு. மூட்டையை இழுத்துத் தள்ள முடியாது, தூக்கித்தான் வைக்கவேண்டும். கனமான பெட்டி ஏற்றும் நாளில் மேலே ஒரு பிளைவுட் பலகை போட்டுக்கொண்டால் வேலை சுலபம். அந்தப் பிடிப்பை நம்பி சாமானை இறுக்கிக் கட்டும் ராட்செட் பெல்ட்டைக் கட்டாமல் விடக்கூடாது. சேறு படிந்த ரப்பர் எண்ணெய் தடவிய தரை மாதிரிதான். ஜெனரேட்டருக்கோ மரம் வெட்டும் மெஷினுக்கோ பெட்ரோல் கேன் நிரப்புவதானால், கேனைக் கீழே தரையில் இறக்கி வைத்தே நிரப்புங்கள். மேட்டின் மேலோ பிளாஸ்டிக் லைனரின் மேலோ இருக்கும் கேனில் சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல், நாசிலை ஒட்டிப் பொறி தட்டலாம்.