தோட்டத்துக் குட்டையும் மட்டம் நிற்காத கரையும்

தேவகோட்டையில் வீடு கட்டும் நண்பர், தோட்டத்தில் அல்லிக் குட்டை வெட்டலாமா என்று கேட்டிருக்கிறார். எங்கள் குட்டையின் கரையைப் பிரித்து, தண்ணீர் கசியாமலிருக்கப் போட்ட பிளாஸ்டிக் விரிப்பின் கிழிசலை ஒட்டும் வேலை இப்போதுதான் முடிந்தது. ஆகவே பதிலில் சற்றுக் கோபம் கலந்திருந்தால் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குட்டை 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம். நீள அகலங்களோடு ஆழத்தின் இரு மடங்கையும், கரையில் மடித்துப் புதைக்கப் பக்கத்துக்கு ஓரடியையும் கூட்டி, பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் கறுப்பு விரிப்பை 16-க்கு 12 அடியாக வாங்கினோம். செம்புறாங்கல் சரளையைக் கடப்பாறையால் பெயர்ப்பது பெரும்பாடு. ஆனால் வெட்டிய சுவர் சரியவே இல்லை, அல்லித் தொட்டிக்காக விட்ட படி இன்றும் அப்படியே இருக்கிறது.

குறை முழுவதும் கரையில்தான். மழைநீர் தேங்காமல் வடிகால் வழியே ஊருணிக்குப் போக வேண்டும் என்று வாட்டம் வைத்துக் கட்டிய ஊர் இது. அந்த வாட்டத்தின் தாழ்ந்த பக்கத்தில், தோண்டிய மண்ணையே கொட்டிக் கொத்தனார் கரையை உயர்த்தினார். அன்றைக்கு மட்டக்குழாயில் மயிரிழை வித்தியாசமும் இல்லை என்பதை நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். அரையடி அரையடியாகப் போட்டு, நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கச் சொன்னதற்கு, "தன்னால இறுகிரும்ணே" என்றார். ஐப்பசி மழையில் கொட்டிய மண் இறங்கியது. வெட்டிய பக்கம் அசையவில்லை. தண்ணீர் தாழ்ந்த கரை வழியே வழிந்துபோக, எதிர்க்கரையில் நான்கு விரற்கடை அகலத்துக்குக் கறுப்பு விரிப்பு பல்லிளித்தது. பார்வைக்கு அசிங்கம் என்பதோடு போகவில்லை. சித்திரை வெயில் நேரே விழுந்த அந்தப் பட்டைதான் விறைத்து மடிப்பில் வெடித்தது.

கொசுவைப் பற்றி வீட்டில் எழுந்த அச்சம் மட்டும் பொய்த்தது. புழுக்களைக் கப்பி மீன்கள் தின்றுவிடுகின்றன. மீன்களில் சிலவற்றை மீன்கொத்தி எடுத்துக்கொள்கிறது. விடியற்காலையில் கோரைத் தண்டில் ஏறி நிற்கும் தட்டான் குஞ்சின் முதுகு வெடித்து, கசங்கிய சிறகோடு தட்டான் வெளியே வந்து, சிறகு விரிந்து விறைக்கும்வரை அசையாமல் தொங்குவதைக் கண்டால் காப்பி ஆறுவது தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகும் நண்பருக்கு என் பதில், வெட்ட வேண்டாம் என்பதே. அவர் மனையிலும் வாட்டம் இருக்கிறது. பெரிய சிமெண்டுத் தொட்டி ஒன்றை நிலத்தில் இறக்கினால் அல்லிக்குப் போதும். எங்கள் குட்டையை மூட நான் சம்மதிக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். விரிப்பை எப்படியும் ஒருநாள் மாற்ற வேண்டியிருக்கும். கொத்தனாரை அதற்கு முன்பே மாற்றிவிடுவேன்.