பிரைமர் அடிச்சு வர்ற காஸ்டிங்க பாத்தா உஷாரா இருங்க (என் சிலிண்டர் போன கதை)

மக்களே, கொஞ்சம் நீளமான பதிவு. மாடல் எஞ்சின் பண்ண காஸ்டிங் கிட் (உருக்கி வார்த்த பாகங்கள், கடைஞ்சு முடிக்கிறது நம்ம வேலை) வாங்கலாம்னு யோசிச்சிட்டு இருக்கிறவங்க மட்டுமாவது முழுசா படிச்சிருங்க. நான் பட்டது போதும்.

ஹிட் அண்ட் மிஸ் எஞ்சின் ஒண்ணு பண்ணணும்னு எனக்கு வருஷக்கணக்கா ஆசை. தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஒரே சிலிண்டர், ரெண்டு பெரிய ஃபிளைவீல், ஸ்பீடு ஏறுனதும் கவர்னர்ங்கிற வேகக் கட்டுப்பாடு எக்ஸாஸ்ட் வால்வ (புகை போற வழிய) திறந்தபடியே பிடிச்சு வச்சிரும், அப்ப புது சார்ஜ் (எரிபொருள், காத்து கலவை) உள்ள வராது, ஃபிளைவீல் தன் வேகத்துலயே சும்மா சுத்திட்டு இருக்கும், வேகம் குறைஞ்சதும் மறுபடி ஒரு 'டப்'. அந்த 'டப்'புக்காகத்தான் இவ்வளவு பாடும். இதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்டீம் எஞ்சின் பார் ஸ்டாக்லயே (கெட்டிக் கம்பில இருந்தே) செதுக்கி ஓட்டிருக்கேன், அந்த தைரியத்துல இந்த தடவை காஸ்டிங்ல இறங்குனேன்.

ஆன்லைன்ல ஒரு ஆள் கிட் விக்கிறதா போட்டிருந்தாரு. சிலிண்டரும் தண்ணி ஹாப்பரும் (சிலிண்டர குளிர்விக்க சுத்தி தண்ணி நிக்கிற தொட்டி) ஒரே வார்ப்பு, ரெண்டு ஃபிளைவீல், பேஸ், ஹெட், கூடவே புஷ்ஷுக்கு (தண்டு சுத்துற வளையத்துக்கு) கன்மெட்டல்ங்கிற வெண்கல வகைக் கம்பி. போர் (சிலிண்டர் உள்விட்டம்) 25 மில்லி, ஃபிளைவீல் 120 மில்லி, என் மினி லேத்துக்கு கச்சிதம். போட்டோல எல்லாம் சாம்பல் கலர் பிரைமர் (அடிப்பூச்சு பெயிண்ட்) அடிச்சு அம்சமா இருந்துச்சு. நான் கேட்டேன், ஏன் சார் மெஷினிங் பண்ண வேண்டிய இடத்துக்கெல்லாம் கூட பிரைமர் அடிச்சிருக்கீங்கன்னு. "துரு பிடிக்காம வரணும்ல சார், மத்தவங்க அப்படியே பச்சையா அனுப்பிருவாங்க, நாங்க கொஞ்சம் கூடுதலா பாத்துப் பண்றோம்"னாரு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. அங்கயே நிறுத்திருக்கணும். ஃபேஸ் பண்ணப்போற (தட்டையா கடையப்போற) முகத்துக்கு எவனாவது பெயிண்ட் அடிப்பானா, முதல் கட்லயே சுரண்டிட்டு போகப்போறதுக்கு?

அப்புறம் இன்னொரு கூத்து. அந்த தளம் வழியா வாங்குனா கமிஷன் போகுது சார், நேரா அனுப்புங்க, கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்னாரு. அனுப்புனேன். ஆமா, தப்புதான், கமெண்ட்ல வந்து திட்டாதீங்க, வீட்டுலயே போதுமான அளவு வாங்கியாச்சு.

கிட் வந்துச்சு. முதல்ல அளந்து பாத்தேன், கோர் ஷிஃப்ட் இருந்துச்சு, அதாவது வார்க்கும்போதே ஓட்டைக்காக உள்ள வச்ச மண் அச்சு (அதுதான் கோர்) நகர்ந்து, ஓட்டை வெளிவட்டத்துக்கு நடுவுல இல்லாம ஒன்றரை மில்லி ஓரமா போயிருக்கு. காஸ்டிங்னா இது சகஜம்தான், பாதிய இங்க பாதிய அங்கன்னு பகிர்ந்து மார்க் பண்ணிக்கலாம்னு விட்டுட்டேன். லேத்தோட ஃபேஸ் பிளேட்ல (சுத்துற தட்டுல) ஆங்கிள் பிளேட் (எல் வடிவத் தாங்கி) போட்டு, அதுல சிலிண்டர கட்டி, எதிர்ப்பக்கம் எடை வச்சு, லேத் ஆடாம இருக்கிற வரைக்கும் மாத்தி மாத்தி பாத்து, செட்டிங்குக்கே ஒரு முழு நாள் போச்சு. காஸ்டிங்ல முதல் கட்ட ஆழமா, தோலுக்கு அடியில போற மாதிரி எடுக்கணும், மேல ஒட்டியிருக்கிற வார்ப்பு மண்ணுல டூல் உரசுனா முனை அஞ்சு நிமிஷத்துல மழுங்கிரும். அதெல்லாம் சரியா பண்ணேன். வார்ப்பிரும்புக்கே உரிய கருப்புத் தூள் கொட்டுது, கையெல்லாம் கரி, மனசுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கோர் ஓட்டை 21. அதுல இருந்து மெதுவா 23, 24ன்னு ஏறி 24.6க்கு வந்தாச்சு. இன்னும் ரெண்டு பாஸ், அப்புறம் ஹோனிங் (உள்பக்கத்த வழுவழுப்பா தேய்க்கிறது). அப்பதான் 'டிக் டிக் டிக்'னு ஒரு சத்தம், சுத்துக்கு ஒரு தடவை. பிளாஸ்டிக் கருகுற மாதிரி லேசா ஒரு வாடை. நிறுத்தி டார்ச் அடிச்சுப் பாத்தா, போருக்கு நடுவுல, பிஸ்டன் போய் வர்ற இடத்துல, ஒரு பட்டாணி சைஸுக்கு மஞ்சள் கலந்த சாம்பலா எதுவோ அடைச்சிருக்கு. ஸ்க்ரைபரால (கோடு போடுற கூர் ஊசியால) குத்துனேன், பொலபொலன்னு உதிர்ந்து வருது. பட்டி! கார் டிங்கரிங்ல ஒடுக்கு எடுத்துட்டு பூசுவாங்களே, அது மாதிரி ஒரு எபாக்ஸி பட்டி. உள்ள கம்பிய விட்டா அந்தப் பக்கம் ஹாப்பருக்குள்ள எட்டிப் பாக்குது. அதாவது மண்ணுல இருந்தோ கோர்ல இருந்தோ வந்த வாயு வெளியேற முடியாம உள்ள மாட்டி பெரிய புளோ ஹோல் ஆயிருக்கு, அது ஹாப்பர் பக்கம் வாய் திறந்து வெளிய தெரிஞ்சிருக்கு, அத பட்டி வச்சு அடைச்சு, தேச்சு, மேல பிரைமர் அடிச்சு அனுப்பிருக்கான் மனுஷன். வார்ப்புல புளோ ஹோல் வர்றது யார் தப்பும் இல்ல, எந்த வார்ப்புப் பட்டறைலயும் வரும். தெரிஞ்சு அடைச்சு விக்கிறதுதான் திருட்டு.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதைன்னு சொல்லுவாங்களே, லேத் முன்னாடி ஸ்டூல்ல உக்காந்து அத நேர்ல பாத்துட்டேன்.

போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்து அனுப்புனேன். பதில் என்ன தெரியுமா: "சார் நீங்க மெஷின் பண்ணிட்டீங்களே, மெஷின் பண்ணாத நிலையில இருந்தாத்தான் ரிட்டர்ன்." மெஷின் பண்ணாம எப்படி சார் உள்ள இருக்கிறது தெரியும்னு கேட்டேன். "எங்க காஸ்டிங்ல அப்படி வராது, உங்க டூல் பிடிச்சு இழுத்து சில்லு பேந்திருக்கும்"னாரு. பேந்த இடத்துல பட்டி எங்க இருந்து வந்துச்சு, என் டூலா கொண்டு வந்து வச்சுச்சு? அதுக்கு பதில் இல்ல. அதுக்கப்புறம் அனுப்புனதெல்லாம் கிணத்துல போட்ட கல்லுதான். நேர்மையா நடத்துற சப்ளையர்னா, மெஷினிங்ல புளோ ஹோல் வந்துச்சுன்னு காட்டுனாலே வேற வார்ப்பு அனுப்பிருவாங்க, ஏன்னா அது அப்பத்தான் தெரியும்னு அவங்களுக்கே தெரியும். வாங்குறதுக்கு முன்னாடி இந்த ஒரு கேள்விய எழுத்துல கேட்டு பதில் வாங்கி வச்சுக்கங்க. மழுப்புனா அப்படியே நகர்ந்துருங்க.

சிலிண்டர் போச்சு, ஃபிளைவீலாவது பாப்போம்னு ஒண்ண எடுத்து மாட்டுனேன். ரிம்மு ஓரத்துல ரெண்டு இடத்துல எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் கீச்சுன்னு கத்திட்டு வெட்டாம மேலயே வழுக்குது, அந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆயிருச்சு. அரம் போட்டுப் பாத்தா அரமும் சறுக்குது. இது 'சில்' ஆன, அதாவது வேகமா குளிர்ந்து கெட்டிப்பட்ட இரும்பு. மெல்லிசான ஓரம் வேகமா குளிர்ந்தா, கார்பன் கிராஃபைட்டா பிரிஞ்சு நிக்காம இரும்போட சேர்ந்து கார்பைடா மாறிடும், வெள்ளை வார்ப்பிரும்புன்னு சொல்றது இதத்தான். சரி பண்ண முடியும், 900 டிகிரி பக்கத்துல சூடாக்கி சில மணி நேரம் ஊற வச்சு ஃபர்னஸ்லயே மெதுவா ஆற விடணும். என்கிட்ட ஃபர்னஸ் இருந்தா நான் ஏன் அவன்கிட்ட காஸ்டிங் வாங்குறேன்? கார்பைடு டிப் (எச்எஸ்எஸ்ஸ விட கெட்டியான டூல் முனை) போட்டு 60 ஆர்பிஎம்ல ஓட்டிப் பாத்தேன், 120 மில்லி விட்டத்துக்கு அது நிமிஷத்துக்கு 22, 23 மீட்டர் வரும். ஆனா சின்ன லேத்தெல்லாம் அந்த ஸ்பீடுல இழுவை இல்லாம திணறும். ரெண்டு டிப் ஒடிஞ்சது, ரிம் அப்படியே இருக்கு.

அப்புறம் அந்த 'கன்மெட்டல்' கம்பி. கன்மெட்டல்னா செம்பு 88, தகரம் 10, துத்தநாகம் 2, நறுக்குனா உள்ள லேசா செம்புச் சிவப்பு தெரியும். இது எலுமிச்சை மஞ்சள்ல ஊசி ஊசியா சிதறுது. சந்தேகத்துல, தராசு மேல ஒரு டம்ளர் தண்ணி வச்சு ஜீரோ பண்ணிட்டு, 96 கிராம் துண்டு ஒண்ண நூல்ல கட்டி அடியில படாம தண்ணிக்குள்ள தொங்க விட்டேன். 11.4 கிராம் காட்டுச்சு, அதுதான் அதோட கன அளவு, வகுத்தா 8.4. அது பித்தளைக் கணக்கு, கன்மெட்டல்னா 8.7, 8.8 வரணும். இத பண்றதுன்னா 0.1 கிராம் காட்டுற தராசு வேணும், ஒரு கிராம் தராசுல ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

இப்ப காஸ்டிங் கையில வந்ததும் என்ன பண்ணலாம்னு கேட்டா, லேத்துகிட்டயே போகாதீங்க. முதல் வேலை, பிரைமர கழட்டுறது. தின்னர்ல துணிய நனைச்சுத் தேச்சா பெயிண்ட் வந்துரும், பட்டி வராது, இரும்பு நடுவுல வேற கலர்ல திட்டா நிக்கும். கூர்மையான ஸ்க்ரைபரால இழுத்துப் பாருங்க, இரும்புல மெல்லிசா ஒரு கோடுதான் விழும், பட்டில பள்ளமா இறங்கும். ஹாப்பர் உள்பக்கம், மூலை, கோர் நின்ன இடம், இங்கெல்லாம் கண்டிப்பா பாருங்க. எடைய வச்சு கண்டுபிடிக்கலாம்னு சிலர் சொல்றாங்க, ஒரு கிலோ காஸ்டிங்ல பட்டாணி சைஸ் ஓட்டைய எந்த எடையும் காட்டாது. தட்டி சத்தம் கேக்குறதும் விரிசலுக்குத்தான் உதவும், இதுக்கு உதவாது. பழைய காலத்து மண்ணெண்ணெய் டெஸ்ட் நல்லது: ஒரு பக்கம் சாக்பீஸ் மாவ கரைச்சுப் பூசி காய விட்டு, இன்னொரு பக்கம் மண்ணெண்ணெய் ஊத்தி ராத்திரி முழுக்க விட்டா, நுணுக்கமா ஓட்டை இருந்தா காலைல வெள்ளைல கறை தெரியும். ஆனா நல்லா அடைச்ச பட்டி மண்ணெண்ணெயவும் தடுத்துரும், அதனால சுரண்டுன பிறகுதான் இது. இதையெல்லாம் அன்பாக்ஸ் பண்ற நேரத்துல இருந்தே வீடியோவா எடுத்து வச்சுக்கங்க. ரிட்டர்ன் பண்ண முடியுற நிலைன்னா அது இது மட்டும்தான்.

என் சிலிண்டருக்கு இப்ப வைத்தியம் நடக்குது. 29 வரைக்கும் போர் பண்ணிட்டேன், மெலிஞ்ச பக்கம் சுவர் ரெண்டு மில்லிக்கும் கீழதான் மிச்சம், பயந்து பயந்து எடுத்தேன். கன்டினியஸ் காஸ்ட் பார்ல (தொடர்ச்சியா வார்த்த இரும்புக் கம்பில) ஒரு லைனர் (உள்குழாய்) கடைஞ்சு ரிடெய்னிங் காம்பவுண்ட் (இறுக்கிப் பிடிக்கிற பசை) போட்டு உள்ள ஏத்தியாச்சு. ஹாப்பர் பக்கம் ஓட்டைக்கு, சிரிக்காதீங்க, நானும் எபாக்ஸிதான் வச்சேன். பின்னாடி லைனர் நிக்குது, தண்ணி கொதிச்சாலும் 100 டிகிரிதான், சூடு தாங்குற ரகம் வாங்கிருக்கேன். அத விட முக்கியம், நான் இத யாருக்கும் விக்கப்போறதில்ல.

ரெண்டாவது ஃபிளைவீல லேத்துல ஏத்தல. நேத்து சும்மா உக்காந்து தின்னர் போட்டுத் தேச்சுட்டு இருந்தேன், ஆறு ஸ்போக்ல நாலாவது ஹப்ல சேர்ற இடத்துல மஞ்சளா ஒரு திட்டு தெரிஞ்சது. இன்னும் குத்திப் பாக்கல.