வாடிய மென்பவளத்துக்குக் கடல்நீரா, உப்புக் கலவை நீரா?

மண்டபத்திலோ பாம்பனிலோ வீட்டுத் தொட்டியில் மென்பவளம் (கல்போன்ற கூடு இல்லாத பவள உயிர்) வளர்ப்பவருக்குக் கடல் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், பவளம் சுருங்கித் தலை சாய்ந்ததும் குடத்தில் கடல்நீரை மொண்டுவந்து மாற்றிவிடலாம் என்றே முதலில் தோன்றும். அந்த நீருக்குச் செலவில்லை. நுண்தனிமங்களும் அதில் இயல்பாகவே உள்ளன. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் பாக் விரிகுடாவின் கரையோர நீர் கலங்கி, அதன் உப்புச்செறிவும் குறைகிறது; படகுத்துறை அருகே டீசல் படலம் வேறு மிதக்கும். நலம் குன்றிய உயிருக்கு இந்த ஏற்ற இறக்கமே பெருங்கேடு.

ஆர்.ஓ. நீரில் பவளத்தொட்டிக்குரிய உப்பைக் கரைத்துச் செய்யும் நீர் செலவு மிக்கது. எனினும் உப்புச்செறிவை ஒவ்வொரு முறையும் ஆயிரத்துக்கு 35 (ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு) என்ற அளவில் நிறுத்த முடிகிறது என்பதால், நோயுற்ற பவளத்துக்கு நான் இதையே தேர்வேன். அந்நீருக்கு ஓரிரவு காற்றூட்டி, தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, ஒரு தடவைக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் மாற்ற வேண்டும்; மென்பவளங்கள் கசியவிடும் நச்சை உறிஞ்சுவதற்குக் கிளர்வூட்டிய கரியும் (ஆக்டிவேட்டட் கார்பன்) தேவை. (தோல்பவளம் என்ற மென்பவள வகை மெழுகுபோன்ற படலத்தை உரிப்பதற்காகச் சில நாள் மூடிக்கிடப்பது நோயன்று, நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டினால் போதும்.) கடல்நீர்தான் கைக்கு எட்டுமெனில், மழையற்ற நாளில் துறையிலிருந்து தள்ளி எடுத்து, வடிகட்டி, உப்புச்செறிவை அளந்த பிறகே ஊற்றுங்கள்.