நான்காம் நம்பர் டப்பா

விமானம், காட்பாடி வரை ரயில், வீட்டுக்கு ஆட்டோ எல்லாம் ஒழுங்காக நடந்தன. அதனால் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது அம்மாவின் முறுக்கு டப்பாவைப் பற்றித்தான்.

2019 டிசம்பர். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை. பதினொரு வயது மகளுக்கு வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் மூன்றாம் நாளே போரடித்துவிட்டது. கோட்டையைக் காட்டியாயிற்று. "ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோவில்" என்று அப்பா வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லும் வசனத்தை அவளுக்கும் சொல்லியாயிற்று. கோவில் கணக்கு மட்டும் பழையது. ஜலகண்டேஸ்வரரை 1981லேயே திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அப்பா வசனத்தை மாற்றவில்லை.

சரி, சினிமாவுக்குப் போகலாம் என்று முடிவானது. 'ஜுமான்ஜி'யின் புதிய பாகம், தமிழ் டப்பிங், காலை பதினொன்றரை காட்சி. 1995ல் வந்த முதல் படத்தில் அது தாயம் உருட்டி ஆடும் பலகை ஆட்டம். 2017ல் அதையே வீடியோ கேமாக மாற்றி, உள்ளே மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு வேறு வேறு ஆட்களின் உடம்பைக் கொடுத்துச் சிரிக்க வைத்தார்கள். இந்தத் தடவை இரண்டு கிழவர்களும் உள்ளே போய்விடுகிறார்கள். இதைக் கேட்டதும் அப்பா சட்டை மாற்றப் போய்விட்டார்.

அம்மா சமையலறைக்குப் போனார்.

நம் ஊரில் சினிமாவுக்குப் போவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒயர் கூடை, புளிசாதம், பெண்கள் கவுன்ட்டரின் கம்பிக் கூண்டு, இடைவேளையில் காலை மிதித்துக்கொண்டு போகும் முறுக்குத் தட்டுக்காரர். அம்மாவைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. எங்களுக்காகச் சுட்டுவைத்த முள்ளு முறுக்கை எண்ணி எவர்சில்வர் டப்பாவில் அடுக்கினார். என் சீமந்தத்துக்கு மாமா கொடுத்த டப்பா. மூடியில் பெயர் வெட்டியிருக்கும்.

ஆட்டோக்காரர் வழியெல்லாம் மாவட்டம் பிரித்த கதையைப் பேசிக்கொண்டே வந்தார். நவம்பர் 28ஆம் தேதிதான் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயிருந்தன. "ஆற்காட்டு மக்கன் பேடா ராணிப்பேட்டைக்குப் போச்சு, ஆம்பூர் பிரியாணி திருப்பத்தூருக்குப் போச்சு. நம்மளுக்கு இன்னா கீது சார்? வெயிலு கீது." அப்பா இதை மிகவும் ரசித்தார்.

தியேட்டர் பெயர் வேண்டாம். நான் சின்ன வயதில் மூட்டைப்பூச்சிக் கடியோடு படம் பார்த்த இடம்தான். இப்போது கண்ணாடிக் கதவு, குளுகுளு, சாய்ந்துகொள்ளும் இருக்கை. வாசலில் சோதனை. பெண்களுக்குத் தனியாகத் திரை கட்டிய மறைப்பு. அங்கே இருந்த பெண் காவலர் கூடைக்குள் கையை விட்டதும் டப்பா டங்கென்று சத்தம் போட்டது.

"இது இன்னாம்மா?"

"முறுக்கு. எடுத்துக்கோ, ஒண்ணு சாப்பிடு."

"ஐயோ வேணாம்மா. உள்ள எடுத்துனு போவக் கூடாது. இங்கியே வச்சிட்டுப் போங்க, திரும்பி வர்ச்சொல்லோ வாங்கிக்கோங்க."

அம்மாவுக்குப் புரியவில்லை. வெடிகுண்டு கூடாது, சிகரெட் கூடாது, சரி. முறுக்கு ஏன் கூடாது? மகள் என் காதில் கிசுகிசுத்தாள்: "பாட்டி தப்பு பண்ணிட்டாங்களா?"

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிங்கப்பூரிலும் தியேட்டருக்குள் வெளிச்சாப்பாடு கூடாதுதான். 1992ல் ஆசியாவின் முதல் மல்டிபிளெக்ஸ் திறந்தது நாங்கள் இருக்கும் யீஷூனில். அங்கே போகும்போதெல்லாம் என் கைப்பைக்குள் கறிபஃப் இருக்கும். பதினான்கு வருடத்தில் ஒருவரும் பையைத் திறக்கச் சொன்னதில்லை. சட்டம் ஒன்றுதான். ஆனால் அங்கே என் அம்மாவைத் திரைக்குப் பின்னால் நிற்கவைத்துக் கூடையைக் கிளற மாட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது அதனால்தான்.

மறைப்புக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை. பறிமுதல் பொருள்கள் அதில் வரிசையாக இருந்தன: இரண்டு கொய்யா, அரை கிலோ மிக்சர், ஒரு பிளாஸ்க், வாழையிலையில் மடித்த பிரியாணிப் பொட்டலம். வாசலே மணத்தது. "பாரு, பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்திருக்கு" என்றார் அப்பா. அந்தப் பெண் காலண்டர் தாளைக் கிழித்து 4 என்று எழுதி டப்பாவுக்கு அடியில் செருகினார். எங்களுக்குச் சீட்டு எதுவும் தரவில்லை. "நாலாம் நம்பருன்னு ஞாபகம் வச்சிக்கோங்க, போதும்."

உள்ளே போனால் தின்பண்டக் கடை. கண்ணாடிப் பெட்டியில், சத்தியமாகச் சொல்கிறேன், முறுக்கு. மூன்று நாற்பது ரூபாய். அப்பா தண்ணீர் பாட்டிலைத் திருப்பித் திருப்பி எம்.ஆர்.பி. தேடினார். ஒரே பொருளுக்கு இரண்டு எம்.ஆர்.பி. அச்சிடக் கூடாது என்று 2018 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறதே என்று கடைப் பையனிடம் கேட்டார். பையன் பதில் சொல்லாமல் மீதிச் சில்லறையைக் கொடுத்தான். அம்மா முறுக்குப் பொட்டலம் ஒன்று வாங்கினார். சாப்பிட அல்ல, ஆராய.

படம் தொடங்கியது. தாத்தா வேடத்தில் வருபவர் இடுப்பு ஆபரேஷன் முடிந்து முனகிக்கொண்டே வருகிறார். முழங்கால் வலிக்காரரான அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தத் தாத்தா கேமுக்குள் விழுந்து, டுவெய்ன் ஜான்சனின் மலை மாதிரி உடம்புக்குள் எழுந்து, காலை மடக்கி நீட்டிப் பார்க்கிறாரே, அப்போது அப்பா சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பியது. தாத்தாவின் பழைய நண்பர் கெவின் ஹார்ட்டின் உடம்புக்குள் இருக்கிறார். ஆபத்து தலைக்கு மேல் வந்து நின்றாலும் ஒரு விஷயத்தை நிதானமாக, ஆதியிலிருந்து சொல்லி முடிப்பார். "உங்க பெரிய மாமா" என்றார் அப்பா. அம்மா கேட்காதது போல இருந்தார்.

ஒரு சந்தேகம் மட்டும் அப்பாவுக்குத் தீரவில்லை. "செத்தவன் எப்படி மேலேருந்து விழறான்?"

"மூணு லைஃப் தாத்தா. கையில கோடு இருக்கு பாருங்க. ஒரு தடவை செத்தா ஒரு கோடு போயிடும்."

"அப்ப மூணும் போச்சுன்னா?"

"கேம் ஓவர். நிஜமாவே செத்துடுவாங்க."

அப்பா கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. பாலைவனத்தில் நெருப்புக்கோழிகள் துரத்தும்போதுதான் மறுபடி சிரித்தார்.

திடீரென்று வெளிச்சம். இடைவேளை. ஒரு காட்சி பாதியில் நிற்கிறது. இந்தப் படத்துக்கு இடைவேளையே கிடையாது, ஆபரேட்டர் தன் இஷ்டத்துக்கு வெட்டியிருக்கிறார். மகள் "படம் ரிப்பேரா?" என்றாள். அவள் வாழ்க்கையில் பார்த்த முதல் இடைவேளை. நான் அவளை வெளியே கூட்டிப்போய், இதெல்லாம் எப்படி இருக்கும் தெரியுமா என்று ஏதோ சொல்ல ஆரம்பித்து, பாப்கார்ன் வரிசையில் நின்றதில் மறந்துவிட்டேன்.

இடைவேளைக்குப் பிறகு அம்மா படம் பார்க்கவில்லை. இருட்டில் ஒரு முறுக்கை உடைப்பார், மெல்லுவார், என் பக்கம் சாய்வார். "ஓமம் போடலை." கொஞ்சம் கழித்து, "எண்ணெய் ரெண்டாம் தடவை." தொங்குபாலங்களில் குரங்குக் கூட்டம் துரத்தித் திரையே அதிர்கிறது. "மாவு இடிச்சதில்லை, பாக்கெட் மாவு."

படம் முடிந்து வெளியே வந்தால் மேசை இல்லை.

மேசை இருந்த இடத்தில் ஒரு செடித்தொட்டி. திரைக்குப் பக்கத்தில் வேறு ஆள். "இன்னா டப்பா? நானு ரெண்டு மணிக்குத்தான் சார் டூட்டிக்கு வந்தேன்." நாலாம் நம்பர் என்றோம். "எந்த நாலு?" என்றார். நியாயமான கேள்விதான். எங்கள் கையில் சீட்டு இல்லை.

சிங்கப்பூர் சாப்பாட்டுக் கடைகளில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போகலாம். திரும்பி வரும்வரை அந்த இடம் நம்முடையது. டிஷ்யூவுக்கு அங்கே இருக்கும் மரியாதை, பெயர் வெட்டிய எவர்சில்வர் டப்பாவுக்கு என் சொந்த ஊரில் இல்லையா? இதை நான் சத்தமாகவே கேட்டேன். மகள் செடித்தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். முக்கால் மணி நேரம். டிக்கெட் கவுன்ட்டர், தின்பண்டக் கடை, வண்டி நிறுத்துமிடம், மானேஜர் அறை. மானேஜர் சாப்பிடப் போயிருந்தார். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். ஒருவர்கூடக் கடுமையாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

கடைசியில், காலையில் இருந்த அதே பெண், வீட்டுக்குக் கிளம்பும் புடவையில், படிக்கட்டுக்கு அடியில் இருந்த துடைப்ப அறையிலிருந்து டப்பாவோடு வந்தார். காலண்டர் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. அப்பா வாங்கி ஒரு தடவை ஆட்டினார். "ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு..."

அம்மா பிடுங்கித் திறந்து எண்ணினார். முப்பத்தாறு வைத்ததில் இருபத்தொன்பது இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டார். "பெருக்கற பொண்ணுங்க சாப்பிட்டாங்கம்மா. நானும் ரெண்டு எடுத்தேன். நீங்கதானே காலைல எடுத்துக்கச் சொன்னீங்க?"

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லா இருந்துச்சா?"

"நல்லா கீதும்மா. உப்புதான் கொஞ்சம் தூக்கல்."

ஆட்டோ கிரீன் சர்க்கிள் தாண்டும்வரை அம்மா பேசவில்லை. அப்புறம் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். மெதுவாக மென்றார். அப்பாவும் கை நீட்டி ஒன்று எடுத்துச் சாப்பிட்டார். "அந்தப் பொண்ணு சொன்னது சரிதான்" என்றார்.

அன்று ராத்திரி சாப்பாடு அப்பாவே போட்டுக்கொண்டார்.