மும்பையில் ஒரு சிறு கேமராவுடன் பத்து ஆண்டுகள்

என் மைத்துனர் 2014-இல் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த சிறிய டிஜிட்டல் கேமராவைச் செம்பூரில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். 30 மடங்கு ஒளியியல் ஜூம், முழு எச்டி வீடியோ, ஸ்டீரியோ மைக், வைஃபை, இசையுடன் படங்களை ஓட்டிக் காட்டும் வசதி எனப் பலவும் இதில் இருந்தன. அவற்றுள் எனக்கு இன்றும் உதவுபவை ஜூமும் வீடியோவும்தான்.

சிவ்ரியின் சேற்றுப் பரப்பில் இரை தேடும் பூநாரைகளைக் கரையில் நின்றபடியே தெளிவாகப் படம்பிடிக்க முடிந்தது. என் கைப்பேசியில் அவை வெறும் இளஞ்சிவப்புப் புள்ளிகளாகவே விழுகின்றன. ஆனால் ஜூமை முழுவதும் நீட்டும்போது லென்ஸ் வழியே வரும் ஒளி குறைந்துவிடுவதால், நல்ல வெயில் வேண்டும். இதன் சென்சார் சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீட்டர்தான், 36க்கு 24 மில்லிமீட்டர் கொண்ட பெரிய கேமராவின் சென்சாரோடு ஒப்பிட்டால் பரப்பில் முப்பதில் ஒரு பங்கு. அந்தி சாய்ந்த பிறகு படங்களில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் தெரிவதற்கு இதுவே காரணம்; மெகாபிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டியது சென்சாரின் அளவைத்தான்.

வீடியோவைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. அக்கா மகளின் அரங்கேற்றத்தைப் பதிவு செய்தபோது, டியூப் லைட் வெளிச்சத்தில் படம் முழுவதும் பட்டை பட்டையாகத் துடித்தது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. கேமராவோ அமெரிக்க முறைப்படி நொடிக்கு 60 என்ற கணக்கில் பதிந்துகொண்டிருந்தது. அமைப்பில் அதை 50-க்கு மாற்றியதும் துடிப்பு நின்றது. அன்று இன்னொன்றும் நேர்ந்தது: வர்ணம் முடியும் முன்பே பதிவு தானாக நின்றுவிட்டது. 30 நிமிடமோ அதற்கு மேலோ தொடர்ந்து பதியும் கருவிகளை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமராவாகக் கருதிக் கூடுதல் சுங்கம் விதித்ததால், அக்காலச் சிறு கேமராக்கள் பலவற்றுக்கும் 29 நிமிட வரம்பு வைக்கப்பட்டிருந்தது. அப்போது இழந்த ஜதிகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இப்போதெல்லாம் ஒவ்வோர் உருப்படி முடிந்ததும் நிறுத்தி மீண்டும் தொடங்குகிறேன்.

வைஃபைக்கான செயலி புதிய கைப்பேசியில் இயங்கவில்லை. மெமரி கார்டைக் கழற்றி ரீடரில் செருகிப் படங்களை எடுத்துக்கொள்கிறேன். இசையோடு படம் ஓட்டும் வசதியை இரண்டு முறைக்கு மேல் பயன்படுத்தியதில்லை.

கேமராவைப் பெரிதும் சோதிப்பது மும்பையின் மழைக்காலம்தான். ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் முழுமையாக நீக்குவது கடினம். எனவே ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளுடன் வைத்து, வாரம் ஒரு முறை எடுத்து இயக்கிப் பார்க்கிறேன். தாராவி 90 அடி சாலையில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடுவதைச் சென்ற தை மாதமும் இதில்தான் பதிவு செய்தேன். குலவைச் சத்தம் இடது புறத்திலிருந்து வலது புறத்துக்கு நகர்வது ஹெட்ஃபோனில் துல்லியமாகக் கேட்கிறது.